ஞாபகக் குளிசை

ஜன. 11, ஞாயிறு

மைனஸ் பதினேழு. காற்றோடு சேர்த்தால் இன்னும் கீழே. பல்கனிக் கதவின் அடியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்தாயிற்று. இரண்டு லிஃப்டில் ஒன்று மறுபடியும் பழுது.

செய்ய வேண்டியவை: உடுப்புத் தோய்க்க. நூலகப் புத்தகம் (தவணை கடந்துவிட்டது). அப்பாவின் குளிசைகள் மருந்துக் கடையில் எடுக்க. திமிங்கிலப் படத்தின் இரண்டாம் பகுதிக்கு எழுத்துப் போட, செவ்வாய்க்குள்.

(காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் வசனம் எழுதுவது என் தொழில். இலக்கியம் படித்ததற்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதனால்தான் இந்த வீட்டில் நான்.)

அப்பாவின் பெல்ட்டில் இன்னொரு துளை. அம்மா ஆணியை அடுப்பில் காய்ச்சிக் குத்தினார். தோல் கருகிய மணம் இன்னும் போகவில்லை.

"பெல்ட் இழுபட்டிட்டுது."

தலையாட்டினேன். காற்சட்டையும் இழுபட்டிருந்தது. சட்டையும்.

மாலையில் குழையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, எல்லாம் ஒரே சட்டியில் பிசைந்து உருண்டைகளாக. அப்பாவுக்குக் கரண்டி மறந்துவிட்டது. சில நாட்களில் தட்டும். உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்தால் அது தானாக வாய்க்குப் போகும். கார்த்திகை மாதம் வரை போனது.

இன்று வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. துவாயில் துப்பினார்.

"இஞ்சேருங்கோ, ஒரு வாய்."

"வேண்டாம்."

"உங்களுக்குப் பிடிச்ச கத்தரிக்காய் எல்லே?"

"உதுக்குள்ள என்னவோ கிடக்கு."

காரணமில்லாமல் சந்தேகப்படுதல் இந்த நோயின் குணங்களில் ஒன்று. மறதிக் கிளினிக்கில் தந்த கையேட்டில் இருக்கிறது. மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.


ஜன. 14, புதன்

பொங்கல். பதினோராம் மாடியில் சூரியனுக்குப் பொங்குவது: மின்னடுப்பு, பல்கனிக் கதவு ஒரு விரல் அளவு திறந்து, புகைமணி அலறாமல் இருக்க அதற்கு ஒரு ஷவர் தொப்பி. சூரியன் வரவில்லை. மேகம்.

அண்ணா விட்பியிலிருந்து வந்தார். தனியாக. அண்ணிக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சப்பாத்தைக் கழற்றும்போதே அப்பாவைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, அப்பா உடைஞ்சு போனார்?"

"உந்தக் குளிருக்கு ஆர்தான் கொழுக்கிறது?"

"நான் கொழுத்திருக்கிறன்."

"அதுதானே, தகப்பன்ர பங்கையும் சேத்து நீ தின்னுறாய்."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும். ஏன் என்று தெரியாமல், மற்றவர்கள் சிரிப்பதால் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. இப்போது அவரிடம் மிச்சமிருக்கும் மரியாதைகளில் அது ஒன்று.

சாப்பாடு முடிந்ததும் அண்ணா சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்.

"கோவிக்காதேங்கோ அம்மா. எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு ஹோம். தமிழ் நேர்ஸ்மாரும் இருக்கினமாம். வெயிற்றிங் லிஸ்றில பேரையாவது போட்டு வைப்பம்."

"முதல் உன்ர பேரைப் போடு."

"அம்மா, சீரியஸாக் கதைக்கிறன்."

"நானும்தான். அங்க ஆர் இவருக்குப் பாத்துப் பாத்துக் குளிசை குடுக்கிறது? ஞாபகக் குளிசை துடங்கின பிறகுதானே மனுசன் என்ர பேரைச் சொல்லுது."

அது உண்மை. கோடையில் அம்மாவை 'மிஸ்' என்று கூப்பிட்டார். மிஸ், தண்ணி. மிஸ், எத்தினை மணிக்கு பஸ்? அம்மா சமையலறையில் போய் நின்று குழாயைத் திறந்துவிடுவார். இலையுதிர் காலத்தில் மருத்துவர் குளிசை எழுதினார். பிறகு அளவைக் கூட்டினார். ஒரு காலை, கண்ணாடியைத் தேடிக்கொண்டு, சாதாரணமாக: "புவனம், உதைக் கண்டனீரோ?" அம்மா அன்று பிள்ளையாருக்கு நூற்றெட்டு மோதகம் நேர்ந்தார். குளிசைக்குப் பேர் வைத்ததும் அவர்தான்.

அப்பா பொங்கலைத் தொடவில்லை. அண்ணா போன பிறகு சாமித் தட்டிலிருந்து தோடம்பழம் ஒன்றை எடுத்து, தானே உரித்து, சுளை சுளையாகத் தின்றார். நார்கூட மிச்சமில்லை.


ஜன. 20, செவ்வாய்

குடும்ப மருத்துவரிடம். மார்க்கம் ரோட்டில் கடைகளுக்கு மேலே. தமிழர். அம்மாவை அன்ரி என்பார், அப்பாவை ஐயா.

புறப்பட ஒரு யுகம். அம்மா அப்பாவுக்கு உடுப்பாட்டியது: உள்ளே கம்பளிப் பனியன். மேலே சட்டை. அதன் மேல் கையில்லாத சுவெட்டர். அதன் மேல் கையுள்ளது. கம்பளிக் கீழாடைக்கு மேல் காற்சட்டை. எனக்கே வியர்த்தது.

அங்கே தாதி ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். பனிச் சப்பாத்தைக் காட்டினார். அம்மா முந்திக்கொண்டார்.

"நோ, நோ. ஹிஸ் ஃபீற் வெரி கோல்ட்."

தாதிக்கு வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். விட்டுவிட்டார். அப்பா சப்பாத்தோடு தராசில் ஏறினார், மாலை போட வந்த அமைச்சர் மாதிரி.

மருத்துவர் கணினியைப் பார்த்தார். "கொஞ்சம்தான் குறைவு. பரவாயில்லை. சாப்பிடுறாரோ?"

"ஓம் டொக்டர். வடிவாச் சாப்பிடுறார்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தார்.

வீட்டு லிஃப்டில், அப்பா பொத்தான்களை எண்ணிக்கொண்டிருக்க, கேட்டேன்.

"ஏன் சப்பாத்தைக் கழட்ட விடேல்லை?"

"குளிர்."

"உள்ள ஹீற்றர் போட்டிருந்தவங்கள். எனக்கு வேர்த்தது."

 ஏழாம் மாடியில் ஒருவர் நாயோடு ஏறினார். எட்டில் இறங்கினார். அதற்குப் பிறகு:

"நிறை குறைஞ்சிட்டுது எண்டால் என்ன எழுதுவாங்கள் தெரியுமோ? வீட்டில வைச்சுப் பாக்கத் தெரியேல்லை எண்டு. பிறகு ஆக்கள் வந்து பாத்து, கேள்வி கேட்டு, அவரைக் கொண்டுபோயிடுவாங்கள்."

"அப்பிடி ஒருத்தரும் கொண்டுபோக ஏலாது அம்மா."

"உனக்கென்ன தெரியும்? நீ திமிங்கிலத்துக்கு எழுத்துப் போடுறனி."

வீட்டுக்கு வந்து அந்தச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பூசணிக்காய்.


ஜன. 24, சனி

பனி. நாள் முழுக்க, சத்தமில்லாமல்.

கடந்த சில நாட்களில் அப்பா மறுக்காமல் தின்றவை:

வாழைப்பழம்
அவித்த முட்டை (கோதுடன் கொடுத்தால்)
தோடம்பழம்
கச்சான் கடலை, கோதுடன்
பாண், புதுப் பக்கற்றை அவர் கண் முன்னால் உடைத்தால்

மறுத்தவை: மற்ற எல்லாம்.

பாண் ஆச்சரியம். பாண் பேக்டரியில் அத்தனை வருடம் இரவு வேலை செய்தவர். சம்பளத்தோடு வந்த பாணை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். "உதைச் சாப்பாடெண்டு சொல்லுறதோ?" சோறு இல்லாத இராச் சாப்பாடு அவருக்குச் சாப்பாடே இல்லை. இப்போது வெறும் பாண் துண்டைக் கையில் வைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி, அணில் மாதிரி.

அம்மா வாயிலில் நின்று பார்த்தார்.

"நான் விடிய எழும்பிச் சமைச்சது கிடக்க, மனுசன் பாணைச் சூப்புது."

"சாப்பிடுறார் எல்லே அம்மா."

"என்ர கையால வேண்டாமாம். உன்ர கையாலயும் வேண்டாமாம். பக்கற்றில வந்தால் காணுமாம்."

இந்தப் பட்டியலைத் திரும்பப் படிக்கிறேன். ஏதோ ஒழுங்கு இருக்கிறது. பிடிபடவில்லை.

திமிங்கிலம்: குட்டி செத்த பிறகும் தாய் அதை நாட்கணக்காகத் தூக்கிக்கொண்டு நீந்துகிறது. வர்ணனையாளர் பேசவில்லை. அந்த இடத்தில் 'நீரின் ஒலி' என்று போட்டேன்.


ஜன. 25, ஞாயிறு

குளிக்கும்போது பிடிபட்டது. முட்டைக்குக் கோது. பழத்துக்குத் தோல். பாணுக்கு முத்திரை போட்ட பக்கற்.

யாரும் உள்ளே எதையும் கலக்க முடியாதவை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. அப்பாவுக்கு எங்கள் மேல் பயம் என்றா?


ஜன. 27, செவ்வாய்

இருவரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

மாலை. குழையல். பூசணிக்காய், பருப்பு. அப்பா முதல் உருண்டையைத் துப்பினார், இரண்டாவதைத் தட்டிவிட்டார், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். அம்மா தரையைத் துடைக்கத் துணி தேடினார். சட்டியில் மிச்சம் இருந்தது. எனக்குப் பசி. கையை விட்டு ஒரு வாய் வைத்தேன்.

கசப்பு. பாகற்காய்க் கசப்பு இல்லை. சாப்பாட்டுக்குரிய கசப்பே இல்லை. நாக்கின் நுனி மரத்தது, பல் டொக்டரிடம் போய் வந்த மாதிரி. பிறகு உதடு.

"அம்மா. இதுக்குள்ள என்ன?"

துணியோடு நின்றார்.

"என்ன போட்டனீங்கள்?"

"கத்தாதை. அவருக்குக் கேக்கும்."

உள்ளி இடிக்க வைத்திருக்கும் சின்ன உரல். அதைக் கண்ணால் காட்டினார். அடியில் வெள்ளைத் தூள்.

மார்கழியிலிருந்து அப்பா குளிசைகளை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பியிருக்கிறார். கதிரை இடுக்கில், செருப்புக்குள், ஒருநாள் பூச்சட்டியில். அம்மாவுக்கு ஒரே பயம்: ஒருநாள் தப்பினாலும் பேர் போய்விடும். ஆகவே ஞாபகக் குளிசை, நீரிழிவுக்கான சீனி வருத்தக் குளிசை, இரத்த அழுத்தக் குளிசை, எல்லாவற்றையும் இடித்து முதல் உருண்டைக்குள். முதல் உருண்டையைத்தான் பசியில் யோசிக்காமல் விழுங்குவார் என்று. துப்பத் தொடங்கிய பிறகு, ஓர் உருண்டை தப்பினாலும் மற்றதில் போகட்டும் என்று, சட்டி முழுக்க.

"நீங்கள் ஒருக்காவாவது வாயில வைச்சுப் பாத்தனீங்களோ?"

கேட்டபோதே விடை தெரியும். அம்மா சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. ஒருநாளும் இல்லை. உப்பைக் கண்ணால், புளியை மூக்கால். சாமிக்குப் படைக்கிறதும் புருசனுக்குப் போடுகிறதும் எச்சிலாகக் கூடாது. அவருடைய தாய் பழக்கியது. அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகு குழம்பின் மிச்சத்தைத்தான் அம்மா சாப்பிடுவார், வேறு சட்டியிலிருந்து. குழையல் அப்பாவுக்கு மட்டும்.

நான் சட்டியை நீட்டினேன்.

விரல் நுனியால் எடுத்தார். நாக்கில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கினார். பிறகு இன்னொரு விரல் எடுத்தார்.

"அம்மா, விடுங்கோ. நீங்கள் சாப்பிடாதேங்கோ."

"உதையோ நான் அவருக்குக் குடுத்தனான்?"

முன்னறையில் அப்பா தொலைக்காட்சிக்காரனோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். சிநேகமாக.

உதுக்குள்ள என்னவோ கிடக்கு. எத்தனை தரம் சொன்னார். இந்த வீட்டில் எல்லாம் மறந்த ஒருவர்தான் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் மையால் கோடிட்டேன்.


ஜன. 28, புதன்

மருந்துக் கடை, வோபர்ன் பிளாசாவில். கவுண்டரில் தமிழ்ப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. அம்மா உரலைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று தெரியவில்லை. சாட்சியாக இருக்கலாம்.

அவள் சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை. எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள்.

"அன்ரி, இதை நீங்கள் மட்டும் செய்யேல்லை. கனபேர் செய்யினம். ஒருத்தர் யோகட்டுக்குள்ள, ஒருத்தர் புட்டுக்குள்ள. ஆனா உந்தச் சீனிக் குளிசை இடிக்கக் கூடாதது. அது வயித்துக்குள்ள மெல்ல மெல்லக் கரையவேணும்."

"ஞாபகக் குளிசை?"

"அதை இடிச்சால் சரியான கசப்பு. நாக்கு விறைக்கும். நாக்கில வைச்சால் கரையிற மாதிரி வேற விதம் இருக்கு, டொக்டர் மாத்தித் தரலாம். ஆனா அன்ரி..." என்னைப் பார்த்தாள், யாரிடம் சொல்வது என்று. "இடிக்காமல் குடுத்தாலும் அந்த மருந்து சிலருக்குப் பசியைக் கெடுக்கும். குமட்டும். நிறை குறையும். சீனிக் குளிசையும் சிலருக்கு வாயில இரும்பு ருசி மாதிரி. ரெண்டும் சேந்தால் சாப்பாடு பிடிக்காமல் போகலாம். அங்கிளுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

அம்மா உரலைக் கைப்பையின் அடிக்குத் தள்ளினார்.

"அவருக்குச் சொல்லத் தெரியாது எல்லே," என்றாள். "எனக்குக் குமட்டுது எண்டு. சாப்பாட்டைத் தள்ளிவிடுறதுதான் சொல்லுறது."

எதிரில் மலிவு விலைக் கடை. பல் துலக்கும் பசை, அட்டைப் பெட்டிகள், பேரப்பிள்ளைக்குத் தொப்பி தேடும் ஒருவர். எல்லாம் வழக்கம்போல.

அம்மா, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது: "நாளைக்கு டொக்டருக்கு ஃபோன் அடி."


பெப். 3, செவ்வாய்

சப்பாத்தை அம்மாதான் கழற்றினார். குந்தியிருந்து, முடிச்சை அவிழ்த்து, ஒன்று, மற்றது. பிறகு சுவெட்டர்கள். அப்பா குழந்தைபோலக் கையைத் தூக்கிக் கொடுத்தார். தாதி பார்த்துக்கொண்டிருந்தார். பனியனோடு தராசில்.

மருத்துவர் எண்ணைப் பார்த்தார். முந்திய எண்ணைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான் டொக்டர்," என்றார் அம்மா. "சப்பாத்தோட ஏத்தினது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் என்றால் அவ்வளவுதான்.

பிறகு சொன்னது, சுருக்கமாக: சீனி மருந்தை மாற்றலாம், அது இலேசு. ஞாபகக் குளிசைதான் கேள்வி. அளவைக் கூட்டிய பிறகுதான் நிறை விழத் தொடங்கியிருக்கிறது. கசப்பு நின்றாலும் குமட்டல் நிற்காமல் போகலாம். இந்த வயதில் இப்படி நிறை குறைந்தால், ஒரு சளிக் காய்ச்சல், ஒருமுறை தடுக்கி விழுதல், போதும். பாதியாக்கி, பிறகு நிறுத்திப் பார்க்கலாம்.

"நிப்பாட்டினால் பசி வருமோ?"

"வரலாம். கனபேருக்கு வாறது."

"நிப்பாட்டினால் என்ர பேர்?"

மருத்துவர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"சொல்லேலாது அன்ரி. சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலருக்கு இருக்கிறது கெதியாப் போகும். போனால், திரும்பத் துடங்கினாலும் பழையபடி வருமெண்டு என்னால சொல்ல ஏலாது."

"அப்ப மருந்தையும் குடுத்து, சாப்பாட்டையும்..."

"அதைத்தான் இவ்வளவு நாளும் செய்து பாத்தனீங்கள்."

கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் விழுந்த இடம் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை." பிறகு: "கன நாள் எடுக்காதேங்கோ."

அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். காறை எலும்பின் குழிக்குள் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.


பெப். 5, வியாழன்

அம்மா இப்போது குளிசையை மறைப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து, முழுதாக, தண்ணீரோடு, கெஞ்சி. சில நாள் விழுங்குகிறார். பாதிச் சாப்பாடு மிச்சம்.

காலை. தேத்தண்ணி கொடுக்கும்போது.

"நான் ஆர் சொல்லுங்கோ?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இது என்ன கேள்வி என்ற முகம்.

"புவனம்."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. முதுகே போதும்.

அண்ணா தொலைபேசியில், ரயிலில் இருந்து, விட்டு விட்டு: "லுக், குவாலிற்றி ஒஃப் லைஃப் எண்டு ஒண்டிருக்கு... அம்மாவை ஃபோர்ஸ் பண்ணாதை... ஆனா சாப்பாடில்லாமல் எப்பிடி... ஹலோ? ஹலோ?"

நான் நினைப்பது (அம்மாவிடம் சொல்ல முடியாதது): பேரை மீட்டது குளிசைதான் என்று யாருக்குத் தெரியும்? அந்த மாதம் அவர் நன்றாக நித்திரை கொண்டார். வெயில் இருந்தது. நினைவு தானாகக் கரை ஒதுங்கிய ஒரு நாளாகவும் இருக்கலாம். ஆனால் அம்மா அந்தக் காலையை ஒரு குளிசையில் கட்டி வைத்திருக்கிறார். அதை அவிழ்க்க நான் யார்.

இன்னொன்று. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'குஞ்சு'. இப்போதும் குஞ்சு. லிஃப்டில் வந்த நாயையும் குஞ்சு என்றார். என்னிடம் இழக்க ஒன்றுமில்லை. அம்மாவிடம் இருக்கிறது.


பெப். 8, ஞாயிறு

குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார். அப்பா பிளாஸ்ரிக் ஸ்ரூலில், இடுப்பில் துவாய். நீராவி. அம்மாவின் கை சவர்க்காரத்தோடு அவர் முதுகில் நின்றது.

"இஞ்ச வா. கையைத் தா."

என் கையைப் பிடித்து அவர் முதுகில் வைத்தார்.

"சோப் போடேக்க என்ர கை முதுகு முள்ளில தட்டுப்படுது. ஒண்டொண்டாத் தட்டுப்படுது, பிள்ளை."

விரலை மெல்லக் கீழே நகர்த்தினேன்.

"என்ர பேரைச் சொல்லிச் சொல்லி மனுசன் பட்டினி கிடக்குது. எனக்கேன் அந்தப் பேர்?"

"அம்மா..."

"நாளைக்குச் சொல்லு டொக்டருக்கு. பாதியாக்கச் சொல்லு. முழுக்க நிப்பாட்டச் சொல்லு. ஆரெண்டு தெரியாமலாவது சாப்பிடட்டும்."

அப்பா கண்ணுக்குள் சவர்க்காரம் போனதால் முகத்தைச் சுளித்தார். "புவனம், எரியுது."

அம்மா தண்ணீரை அள்ளி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.


பெப். 16, திங்கள்

விடுமுறை. பிளாசா வெறிச்சோடி. பாதி அளவு, ஒரு வாரமாக. மாற்றமில்லை. இல்லை, ஒன்று: காலையில் வாயில் எச்சில் ஊறி ஊறித் துப்புவது குறைந்திருக்கிறது. அது குமட்டல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை நாங்கள்.

ஆனால் அம்மாவின் கையிலிருந்து இன்னும் வாங்குவதில்லை. சட்டியைக் கண்டாலே தலையைத் திருப்புகிறார். ஏன் என்பது மறந்துவிட்டது. பயம் மறக்கவில்லை.

சலவை அறையில் மூன்றாம் மாடி அன்ரி: "உங்கட அப்பா எப்பிடி? எல்லாத்தையும் அயத்துப் போனாராமே?"

"ஓம் அன்ரி."

"நல்லது ஒருவகையில. எனக்கு எல்லாம் ஞாபகம் நிக்குது. அதாலதான் உந்தப் பிரசர்."


பெப். 21, சனி

உருகி, மீண்டும் உறைந்த தெரு. மோர்னிங்சைட் வீதி வரை நடக்கப் புறப்பட்டு, பாதியில் திரும்பினேன்.

மதியம் அம்மா செய்தது:

குழையல் சட்டியை மேசையில், அப்பாவுக்கு எதிரில் வைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்தார். அப்பா சாப்பிடும்போது அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் உருண்டையை உருட்டினார். அப்பாவைப் பார்த்துக்கொண்டே தன் வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார்.

இரண்டாவதையும் அப்படியே.

மூன்றாவதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். 

அப்பா உருண்டையைப் பார்த்தார். அம்மாவின் வாயைப் பார்த்தார். நெடுநேரம். தெருவில் உப்புத் தூவும் லொறி போனது.

எடுத்தார்.

நான் கணினிக்குப் போய்விட்டேன். படம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வரியும் அடிக்கவில்லை.


மார்ச் 1, ஞாயிறு

ஞாபகக் குளிசை முற்றாக நின்றது. மிச்சப் பெட்டியை அம்மா மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தார். குப்பையில் போட மனம் வரவில்லை என்றார்.

சாப்பிடுகிறார். நேற்று புட்டும் மாம்பழமும். இன்று இரண்டாம் தரம் கேட்டார்: கேட்கவில்லை, சட்டியை விரலால் தட்டினார். அம்மா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். "பகிடியைப் பாரன், குழந்தை மாதிரி." பெல்ட் ஒரு துளை வெளியே.

காலைத் தேத்தண்ணியோடு அந்தக் கேள்வியை அம்மா இப்போது கேட்பதில்லை. எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

அப்பா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வாரம் இருக்கும். "இஞ்ச" என்கிறார். "உங்க" என்கிறார். பெரும்பாலும் எதுவும் இல்லை. அண்ணா வந்தபோது எழுந்து நின்று கை கொடுத்தார். அண்ணாவும் கை கொடுத்தார். இருவரும் அப்படியே கொஞ்ச நேரம், ஏதோ ஒப்பந்தம் முடிந்த மாதிரி.

அண்ணா காரில் ஏறும்போது கண்ணைத் துடைத்தார். "அலர்ஜி," என்றார். மார்ச் மாதத்தில், பனிக்கு நடுவில்.


மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூடுகளை ஒரு மணி முன்னே தள்ளினோம். அடுப்பின் மணிக்கூட்டை மாற்ற யாருக்கும் தெரியாது, அது பழைய நேரத்திலேயே. பல்கனியில் பனி உருகிச் சொட்டுகிறது. வெயில் முன்னறைக் கதிரை வரை.

மதியம் குழையல். கத்தரிக்காய், பருப்பு, முருங்கையிலை. அம்மா வழக்கம்போல முதல் உருண்டையைத் தான் சாப்பிட்டுக் காட்டினார். அப்பா அதற்குக் காத்திருக்கவில்லை, கையை நீட்டிவிட்டார். ஒன்று, இன்னொன்று. முகத்தில் பழைய சதை கொஞ்சம். மென்று மென்று, கண்ணை மூடி.

நிறையச் சாப்பிட்டார். எழுந்திருக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சாப்பாடு," என்றார். இத்தனை சொற்களைச் சேர்த்துச் சொல்லிப் பல நாள். "கையால குழைச்சது."

"இன்னும் கொஞ்சம் தரட்டோ?"

"இல்லைத் தங்கச்சி. காணும்." தயங்கினார். அந்நியர் வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்பவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "உதில கொஞ்சம் கட்டித் தருவீங்களோ? வீட்டில மனுசி பாத்துக்கொண்டிருப்பா. நான் போகாமல் அவ சாப்பிடமாட்டா."

அம்மா கையிலிருந்த உருண்டையைச் சட்டியில் திரும்ப வைத்தார். பல்கனியில் சொட்டுகிற சத்தம்.

பிறகு எழுந்தார். வெறும் தயிர்ப் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்தார். சட்டியில் இருந்த எல்லாவற்றையும் வழித்து அதற்குள் வைத்தார். மூடியைச் சுற்றிவர அழுத்தினார். இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார்.

"கெதியாக் கொண்டுபோய்க் குடுங்கோ, அண்ணை," என்றார். "பாவம், பசியோட இருப்பா."